கண்டல் வேலி இல்லாத ஊர்

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் நீர் இறங்குவதில்லை. சிங்கப்பூரின் ஈசூனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 11ஆம் தளத்தில் குடியிருக்கிறோம். சமையலறைச் சன்னலைத் திறந்தால் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம் தெரியும். மழை பெய்தால் அதன் நிறம் சற்று மாறும், காற்றடித்தால் நெளியும், அவ்வளவுதான். என் அப்பாவுக்கு இப்போது 81 வயது. நாள்தோறும் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அமாவாசையா, அட்டமியா, பௌர்ணமியா என்று பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்லா வத்தும்" என்றோ, "இன்னிக்கு வத்தம் பத்தாது" என்றோ தமக்குள் சொல்லிக்கொள்வார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் மிக உயரமாக ஏறி மிக ஆழமாக வற்றும் என்பதும், அட்டமி நாள்களில் அந்த ஏற்றவற்றம் சுருங்கிவிடும் என்பதும் தமிழ்நாட்டில் முத்துப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்தவை அல்ல. சன்னலுக்கு வெளியே இருக்கும் நீருக்கோ 1986ஆம் ஆண்டு முதல் அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை.

அதற்கு முன் அது சிலேத்தார் ஆறு. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், எனக்கு எட்டு வயது இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து அந்த ஆற்றின் ஓரத்துக்குப் போயிருக்கிறேன். கம்பிக் கூண்டுக்குள் மீன் தலையைக் கட்டிச் சேற்றில் வைத்துவிட்டு நீர் ஏறக் காத்திருப்போம். களி நண்டு அகப்படும். பல நாள் ஒன்றும் அகப்படாது. சேற்றில் நடப்பதற்கு அவர் சொல்லிக்கொடுத்த முறை இன்றும் என் கால்களுக்கு நினைவிருக்கிறது. கால் இறங்கும் வரை இறங்கட்டும், பதறக்கூடாது, எடுக்கும்போது குதிகாலை முதலில் எடுக்க வேண்டும். அழுகிய முட்டையைப் போன்ற அந்தச் சேற்றின் வாடை துணியில் ஏறிவிட்டதென்று அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார். பிறகு ஆற்றின் முகத்தில் அணை வந்தது, உப்புநீர் வெளியே நின்றது, உள்ளே நன்னீர் நிறைந்தது, கரையோரக் காடு போயிற்று.

அணை கட்டியதைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. 1963இல் தொடங்கிப் பல மாதங்கள் நீடித்த தண்ணீர்ப் பங்கீட்டின்போது வாளியோடு வரிசையில் நின்றவர் என் அப்பா. அந்த நீர்த்தேக்கத்து நீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். ஆயினும், எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்ற கணக்கில் ஒரு பக்கம் எழுதப்படாமலே கிடக்கிறது என்பது பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. இழந்ததைக் காடு என்கிறோம், மரங்களை எண்ணுகிறோம், இத்தனை ஆயிரம் கன்றுகள் நட்டோம் என்று மகிழ்கிறோம். என் கருத்தில் நாம் இழந்தது முதலில் சேற்றை. அந்தச் சேற்றுக்குள் நாள்தோறும் இருமுறை வந்துபோன நீரோட்டத்தை. மரங்கள் அதன் பிறகுதான்.

1819ஆம் ஆண்டில் இத்தீவில் கண்டல் காடுகள், அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகள், ஏறத்தாழ 75 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்தன என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்; அன்றைய நிலப்பரப்பில் அது நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு. இன்று எஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். காலாங், ரோச்சோர் ஆற்று முகங்கள் முதலில் நிரப்பப்பட்டன. விறகுக்கும் கரிக்கும், கட்டட அடித்தளத்தில் அறையும் கழிகளுக்கும் மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் சுரபுன்னை மரங்கள் வெட்டப்பட்டன. ஜூரோங்கில் இறால் குளங்கள் காட்டைத் தின்றன. 1960களில் அந்தக் குளங்களையும் எஞ்சிய காட்டையும் தொழிற்பேட்டை தின்றது. 1975இல் கிராஞ்சியும் பாண்டானும், 1981இல் முராய், போயான், சரிம்புன், தெங்கே ஆகிய மேற்குக் கரையின் நான்கு ஆறுகளும் அணைகளுக்குப் பின்னே அடங்கின. 1965இல் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டி வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சி பெரும்பாலும் அலைகள் ஏறி இறங்கிய விளிம்பின் மேல்தான் நிகழ்ந்தது.

விளிம்பு என்று சொல்கிறேன். நம் முன்னோர் அதை வேலி என்றார்கள். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துச் சிற்றூர்களைச் சொல்லும் இடங்களில் "கண்டல் வேலி" என்னும் தொடர் வருகிறது. உப்பங்கழி சூழ்ந்த ஊருக்குக் கண்டல் மரங்களே வேலி. வேலி என்பது உள்ளே இருப்பதைக் காப்பது, வெளியே இருப்பதை அளவோடு உள்ளே விடுவது. அலையாத்தி என்னும் சொல்லும் அப்படிப்பட்டதுதான்: அலையைத் தடுக்கும் மரம் என்று பெயரிடாமல், அலையை ஆற்றுகிற மரம் என்று பெயரிட்டவர்கள் அதன் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். சுவர் அலையைத் திருப்பி அடிக்கும். அடிபட்ட அலை சுவரின் காலடி மண்ணைப் பறிக்கும். ஆயிரம் வேர்களுக்கு இடையே நுழையும் அலை தன் வேகத்தை ஒவ்வொரு வேரிலும் கொஞ்சமாக இழந்து, சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். 100 மீட்டர் அகலமுள்ள கண்டல் காட்டைக் கடக்கும்போது அலையின் உயரம் 13 முதல் 66 விழுக்காடு வரை குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அகன்ற வேறுபாட்டுக்குக் காரணம் மரத்தின் வகை, வேர்களின் அடர்த்தி, நீரின் ஆழம் ஆகியவை.

சில மாதங்களுக்கு முன் அப்பாவைப் பாசிர் ரிஸ் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அங்குக் கடலைத் தூர்த்து நிலம் எடுத்தபோது ஆறு ஹெக்டேர் கண்டல் காட்டை விட்டுவைத்தார்கள். அதற்குள் பலகை நடைபாதை ஒன்று செல்கிறது. அதன் அருகே ஓடும் சிற்றாற்றின் பெயர் சுங்கை ஆப்பி ஆப்பி. ஆப்பி என்றால் மலாயில் நெருப்பு. ஆற்றோரக் கண்டல் மரங்களில் கூடி ஒளிரும் மின்மினிகளால் வெண்கண்டல் இனத்துக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நடைபாதையில் மெதுவாக வந்துகொண்டிருந்த அப்பா ஓரிடத்தில் நின்று, கைத்தடியால் சுட்டிக்காட்டி, "அது தில்லை மரம்மா, பக்கத்துல போகாத, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார். பக்கத்தில் நின்றிருந்த மலாய்க்காரப் பாட்டி ஒருவர், அவர் சுட்டிய மரத்தைப் பார்த்துவிட்டுத் தம் பேரனிடம் "பூத்தா பூத்தா" என்றார். பூத்தா என்றால் குருடு. ஒரே மரத்துக்கு ஒரே எச்சரிக்கையை இரண்டு மொழிகளும் வைத்திருக்கின்றன. தில்லை என்றவுடன் நமக்குச் சிதம்பரமும் நடராசரும் நினைவுக்கு வருவார்கள்; அந்த ஊருக்குப் பெயர் கொடுத்து, அந்தக் கோயிலின் தலமரமாக நிற்பது ஒரு கண்டல் காட்டு மரம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. இன்று சிதம்பரத்து ஊருக்குள் தேடுவதைவிடக் கிழக்கே பிச்சாவரத்தின் கழிகளுக்குப் போனால் தில்லையை எளிதாகப் பார்க்கலாம். பாசிர் ரிஸ்ஸிலும் பார்க்கலாம்.

இனிச் சேற்றுக்கு வருகிறேன்.

கண்டல் சேறு காற்றில்லாத சேறு. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே போனாலே உயிர்வளி தீர்ந்துவிடும். அதனால்தான் வெண்கண்டல் மரம் தன் வேர்களைப் பென்சில்களைப்போல மேல்நோக்கி அனுப்பி மூச்சு வாங்குகிறது. சுரபுன்னை வளைந்த முட்டுவேர்களை ஊன்றித் தன் உடலைச் சேற்றுக்கு மேலே தூக்கி நிறுத்திக்கொள்கிறது. விதை கீழே விழுந்து மூச்சடைத்துப் போகாமலிருக்கச் சில மரங்கள் அதைத் தாய்மரத்திலேயே முளைக்கவிட்டு, முருங்கைக்காயைப்போல நீண்ட நாற்றாக வளர்த்துப் பிறகே உதிர்க்கின்றன. காற்றில்லாத அந்த இடத்தில் விழும் இலையும் மடியும் வேரும் முழுவதுமாக மக்குவதில்லை. ஆண்டுதோறும் புதிய வண்டல் மேலே படிய, பழையது கீழே அழுந்தி, நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கிவிடும். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் பகுதிகளின் கண்டல் காடுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு ஹெக்டேரில் சராசரியாக ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கரிமம் இருப்பதாகவும், அதில் பெரும்பகுதி மரத்தில் அன்றி மண்ணில் இருப்பதாகவும் கண்டது. ஆகவே கண்டல் காட்டை வெட்டும்போது மரத்தோடு போவது சிறிய பகுதி. சேற்றைத் தோண்டிக் காயவைக்கும்போது வெளியேறுவதுதான் பெரிய பகுதி, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

அம்மாவுக்குப் பிடிக்காத அந்த வாடைக்கும் ஒரு கதை உண்டு. கடல்நீரிலுள்ள சல்பேட்டை, காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைத்து உயிர் வாழ்கின்றன; அதில் எழும் வாயுவின் ஒரு பங்கு மேலே வந்து நம் மூக்கைத் தொடுகிறது, மற்றொரு பங்கு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து சல்பைடாகத் தங்கிவிடுகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. கரை எழுப்பி நீரை வடித்து இறால் குளமாக்கினால் சேற்றில் காற்றுப் படும், சல்பைடு கந்தக அமிலமாகும், மண் புளித்துப்போகும். தென்கிழக்காசியாவில் பல இறால் குளங்கள் சில ஆண்டுகளிலேயே பயனற்றுக் கைவிடப்பட்டதற்கு நோயோடு இந்த அமிலமும் காரணம். குளத்தைக் கைவிட்ட பிறகும் அமிலம் போவதில்லை. மழை பெய்யும்போதெல்லாம் கசிந்து கழியில் கலக்கும். ஒரு காட்டை அழித்து ஐந்தாறு ஆண்டு அறுவடைக்குப் பிறகு, காடும் இல்லாமல் குளமும் இல்லாமல் போன நிலங்களை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனக்கிறது.

அந்தச் சேற்றை நம்பியிருந்த உயிர்களைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. தீவின் வடகரையிலுள்ள மண்டாய் சேற்றுப்பரப்பில் வாழும் லாட நண்டுகளை மட்டும் சொல்கிறேன். டைனோசர்களுக்கு முந்திய குடியைச் சேர்ந்த இவை, நீல நிறக் குருதியுடன், கவிழ்த்த சட்டிபோன்ற ஓட்டுக்குள் ஊர்ந்து சேற்றைக் கிளறி உண்கின்றன. நீர் வற்றும்போது அதே சேற்றில் பறவைகள் இறங்குகின்றன. சைபீரியா வரை சென்று முட்டையிட்டுவிட்டுத் தெற்கே வரும் பவளக்காலி உள்ளான்கள் அவற்றில் ஒரு வகை. மண்டாயில் நீர் ஏறியதும் அவை எழுந்து பறந்து சுங்கை பூலோ சதுப்புநிலத்தின் உயர்ந்த திட்டுகளுக்குப் போய்க் காத்திருக்கும். வற்றியதும் திரும்பி வரும். அதாவது ஓரிடத்தைக் காப்பாற்றி மற்றோரிடத்தைத் தூர்த்துவிட்டால், காப்பாற்றிய இடமும் அவற்றுக்குப் பாதி பயனைத்தான் தரும். 2018இல் மண்டாய் கண்டல் காடும் சேற்றுப்பரப்பும் சேர்ந்த ஏறக்குறைய 73 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது நான் அத்தனை மகிழ்ந்தது அதனால்தான். அரசு ஆவணத்தில் சேற்றுக்கும் ஒரு மதிப்பு இருப்பதாக எழுதப்பட்டுவிட்டதே என்ற மகிழ்ச்சி அது.

மனிதர்களின் இழப்பைப் பேசும்போது, சிலேத்தார் என்ற பெயரைக் கடந்து போக முடியாது. ஓராங் சிலேத்தார் என்னும் மக்கள் இந்த ஆற்றின் முகத்திலும் ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். கண்டல் காட்டின் கால்வாய்கள்தான் அவர்களுக்குத் தெரு, சந்தை, புகலிடம் எல்லாம். இத்தீவின் காடு சுருங்கச் சுருங்க அவர்கள் வடகரைக்கு ஒதுங்கினார்கள். இன்று அவர்களுடைய ஊர்கள் ஜொகூரின் தென்கரையில் இருக்கின்றன, அங்கும் கரை நிரப்பும் வேலைகள் அவர்களைத் தொடர்ந்துகொண்டிருக்கின்றன. நான் குடியிருக்கும் வட்டாரத்தின் நீர்த்தேக்கமும் விரைவுச்சாலையும் விமான நிலையமும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அந்தப் பெயருக்கு உரியவர்கள் இங்கே இல்லை.

நம் வீடுகளிலும் அந்தக் காட்டின் துண்டுகள் இருந்தன. கம்பத்து வீடுகளுக்குக் கூரையாக வேய்ந்த அத்தாப்பு, உப்புநீர்க் கழியோரத்தில் வளரும் நிப்பா பனையின் ஓலை. ஐஸ் கச்சாங் என்னும் பனித்துருவல் இனிப்பில் நாம் மென்று மகிழும் கண்ணாடிபோன்ற அத்தாப்புக் கொட்டை அதே பனையின் இளங்காய். சிங்கப்பூரின் அடையாளமாகச் சொல்லப்படும் மிளகாய் நண்டு 1950களில் காலாங் ஆற்றங்கரையில் ஒரு தள்ளுவண்டியில் பிறந்தது. இன்று அந்த நண்டு இலங்கையிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் வருகிறது, அதாவது வேறொருவருடைய கண்டல் சேற்றிலிருந்து. உண்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. நம் சேற்றை நாம் மூடிவிட்ட பிறகும் சேற்றின் தேவை நமக்குத் தீரவில்லை, அது கடல் கடந்து போய்விட்டது என்பதே நான் சொல்ல வருவது.

மணலும் அப்படித்தான். கடலைத் தூர்க்க மணல் வேண்டும். சொந்த மணல் தீர்ந்த பின் அண்டை நாடுகளிலிருந்து அது வந்தது. 2007இல் இந்தோனீசியா நிறுத்தியது. கம்போடியாவின் கோ கொங் மாநிலத்துக் கழிமுகங்களில் மணல் அள்ளப்பட்டபோது, கரைகள் சரிந்து கண்டல் மரங்கள் வேரோடு நீரில் சாய்வதாகவும் நண்டு அகப்படுவது குறைந்துவிட்டதாகவும் அங்குள்ள மீனவர்கள் முறையிட்டார்கள். 2017இல் கம்போடியாவும் சிங்கப்பூருக்கான மணல் ஏற்றுமதியை நிறுத்தியது. நான் நடந்து பழகிய கடற்கரைப் பூங்காக்களில் எந்தப் பிடி மண் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த மீனவர்களின் மகள்களும் என்னைப்போல அப்பாவோடு கூண்டு வைக்கப் போனவர்களாக இருப்பார்கள் என்று மட்டும் தோன்றும்.

வேலியின் கதையில் 2004 டிசம்பர் 26 வராமல் இருக்காது. கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடர்ந்த மரங்களுக்குப் பின்னே இருந்த ஊர்கள் ஆழிப்பேரலையால் குறைவாகவே சேதமடைந்தன என்று காட்டியது. கரையிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவு, எவ்வளவு மேடு என்பவையும் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் எதிர்வாதம் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். கண்டல் காடு எந்த அலையையும் நிறுத்திவிடும் மந்திரச் சுவர் அல்ல. ஆனால் காடு இருக்கும் கரையில் மக்கள் கடலின் வாய்க்குள் வீடு கட்டுவதில்லை. தொலைவும் மேடும் காட்டோடு சேர்ந்து வருபவைதாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது முத்துப்பேட்டைக் காடே பெரிதும் சிதைந்தது. எங்கள் அத்தையின் தென்னந்தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணலாம். தொலைபேசியில் அவர் தோப்பைப் பற்றி அழுதார். அப்பா அலையாத்தி நிற்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அது போனால் அடுத்த புயலுக்கு ஊரே தாங்காது என்பது அவருடைய கவலை.

சிங்கப்பூருக்கு ஆழிப்பேரலை பெரிய அச்சுறுத்தல் அல்ல. சுமத்திரா நமக்கு முன்னே நிற்கிறது. நமக்குரிய அச்சம் மெதுவாக ஏறும் கடல். 2024இல் வெளியான தேசிய பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. கடலோரப் பாதுகாப்புக்கு வரும் 50 முதல் 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2019 தேசிய தினக் கூட்ட உரையில் கூறினார். தடுப்புச் சுவர்கள் வேண்டும், மதகுகள் வேண்டும். புலாவ் தெக்கோங் தீவில் கடல்மட்டத்துக்குக் கீழே அணைகரை சூழ்ந்த நிலத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் கான்கிரீட் சுவர் கட்டிய நாளில் இருந்த உயரத்திலேயே நிற்கும். கண்டல் சேறு தானாக உயரக்கூடியது. அலை கொண்டுவரும் வண்டலும் வேர்களும் சேர்ந்து அதை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்த்துகின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய படிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவுப்படி, கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் கண்டல் காடுகளால் ஈடுகொடுக்க முடியாமல் போகும் வாய்ப்பு மிக அதிகம். அப்போது காடு நிலத்தை நோக்கிப் பின்வாங்க வேண்டும். இங்கே பின்வாங்க இடம் எது? பின்னால் சாலையும் கட்டடமும் அணையும் நிற்கின்றன. மேலே அணை கட்டிய ஆறுகளிலிருந்து புது வண்டல் வருவதும் குறைவு. எஞ்சியிருக்கும் காட்டை வேலியிட்டுக் காப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

கன்று நடும் விழாக்களுக்கு நானும் போயிருக்கிறேன். அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன்; புலாவ் செமாக்காவில் குப்பைத் தீவுக்காகக் கரை எழுப்பியபோது அழிந்த காட்டுக்கு மாற்றாக 13 ஹெக்டேருக்கும் மேல் நட்ட கன்றுகள் இன்று காடாக நிற்கின்றன. ஆனால் எங்கும் அப்படி நடப்பதில்லை. பிலிப்பீன்ஸில் பல்லாண்டுகள் பெரும் பொருட்செலவில் நட்ட கன்றுகளில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் பிழைத்தன. கன்று இயல்பாக வளரவே வளராத தாழ்ந்த சேற்றுப்பரப்பில், நடுவதற்கு எளிது என்பதற்காகவே நட்டதுதான் காரணம். இதற்கு நேர்மாறான பாடம் பிச்சாவரத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் கூறுகூறாக மொட்டையடித்து வெட்டியதால் காட்டின் நடுப்பகுதி மண் அமிழ்ந்து தட்டுபோலக் குழிந்தது. ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வெயிலில் காய்ந்து, உப்பு ஏறி, எந்த விதையும் முளைக்காத நிலமானது. மேய்ச்சலும் விறகுவெட்டும்தான் காரணம் என்று நெடுங்காலம் ஊர்மக்கள் மேல் பழி இருந்தது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, நீர் ஏறவும் வற்றவும் வழி செய்தார்கள். உப்பு கழுவப்பட்டது. கன்றுகள் நடப்பட்டன, அவை பிழைத்தன. இதை அப்பாவிடம் படித்துக் காட்டியபோது அவர் வியப்படையவில்லை. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது முத்துப்பேட்டைப் பக்கத்தில் பழைய வழக்கம். வாய்க்கால் ஓரத்தில்தான் மரம் செழிக்கும் என்பது அங்குள்ளவர்கள் அறிந்தது.

புலாவ் உபின் தீவிலும் கைவிடப்பட்ட இறால் குளங்களில் இதே வழியில் ஒரு முயற்சி நடந்துவருகிறது. ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் தேசிய பூங்காக் கழகமும் சேர்ந்து, கன்றுகளை அள்ளி நடுவதற்கு முன், குளத்தின் தரைமட்டம் என்ன, நீர் எத்தனை நேரம் நிற்கிறது, விதைகள் தாமாக வந்து சேர வழி உண்டா என்று அளந்து பார்க்கிறார்கள். மெதுவான வேலை. புகைப்படத்துக்கு அழகான வேலையும் அல்ல. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

சிலேத்தார் ஆற்றில் அணை எழுந்த அதே 1986இல், பறவை பார்க்கும் ஆர்வலர் சிலர் தீவின் வடமேற்கே கைவிடப்பட்ட இறால் குளங்களுக்கு நடுவே ஏராளமான பறவைகளைக் கண்டு, அவ்விடத்தைக் காக்க வேண்டுமென்று அரசுக்கு எழுதினார்கள். அதுவே இன்று சுங்கை பூலோ. 2002இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதியாயிற்று. ஏறத்தாழ அதே வேளையில், தூர்க்கப்படவிருந்த உபினின் செக் ஜாவா கரைக்கு மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்து, எழுதி, கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த நாள்களில் என் வேலையும் பிள்ளைகளும் என்று இருந்த நான் ஒரு வரியும் எழுதவில்லை. சிலேத்தாரைப் பற்றியும் எங்கள் வீட்டில் எவரும் எழுதவில்லை. எழுதலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

சென்ற அமாவாசையன்று அப்பாவைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனேன். நாட்காட்டியைப் பார்த்து நாளைக் குறித்தவர் அவரே. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் நிறைந்து, மரங்கள் தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தன. சக்கர நாற்காலியை நடைபாதையின் கைப்பிடிக்கு அருகே நிறுத்தினேன். சற்று நேரம் போனதும் முட்டுவேர்களில் ஈரக்கோடு ஒரு விரற்கிடை தெரிந்தது, பிறகு ஒரு சாண். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் ஒவ்வொன்றாக முனை காட்டின. சேற்றுத்தாவி மீன் ஒன்று கண்ணை உருட்டியபடி மேலே ஏறி வந்து உட்கார்ந்தது. வாடையும் வந்தது. அப்பா மூக்கை உயர்த்தி அதை நன்றாக இழுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"இரும்மா, இன்னும் வத்தும்" என்றார்.